பழசு – ஒன்று

அந்தப் பட்டியலை எழுதியவள் நான். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளியிறுதி வரை படித்திருந்தேன், கையெழுத்து வரி கோணாமல் வரும். அதற்காகவே அந்த வேலை என்னிடம் வந்தது.

என் கணவர் மலையில் ரோடு போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் சர்வேயர். சத்தியமங்கலம் போய், திம்பம் கணவாய் ஏறி, ஆசனூரையும் தாண்டிக் காட்டுக்குள் முப்பது மைல் போனால் அவருடைய முகாம். கான்ட்ராக்டரிடம் ஒரு ஜீப் இருந்தது. உலகச் சண்டை முடிந்த பிறகு ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டி. அதைப் புதுக்கோட்டையில் பழுது பார்த்து இவரே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அதே ஜீப்பில் என்னையும் நான்கு மாதக் கைக்குழந்தையையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு.

குழந்தையை அழைத்துப் போவதா, வேண்டாமா என்பதே வீட்டில் ஒரு மாதமாக நடந்த பேச்சு. பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. மகளுக்கு டப்பாப் பால்தான், புட்டியில். கணவரின் அக்கா எங்களோடு இருந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். அவருக்கு இந்தப் பயணம் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“ஏம்புள்ள, ஒம் புருசனுக்குச் சோறாக்கத்தானே போறே? நீ போ. பச்சப் புள்ளய எதுக்குக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போறே? எங்கிட்ட விட்டுட்டுப் போ. தை பொறந்ததும் வந்து தூக்கிக்க.”

“இல்ல மதினி, நான் பாத்துக்கிறேன்.”

“பாத்துக்குவே. புட்டி ஒடஞ்சா?”

“ரெண்டு புட்டி இருக்கு.”

“ரெண்டும் ஒடஞ்சா?”

எனக்குக் கோபம் வந்தது. அப்போது அவர் அலமாரியிலிருந்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற ஒரு பித்தளைப் பாலாடையை எடுத்துக் காட்டினார். மூக்கு கொஞ்சம் நசுங்கி, உள்பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தது. “ஒம் புருசன் இதுல குடிச்சு வளந்தவந்தான். இதையாச்சும் எடுத்துட்டுப் போ.”

“அதுல குடுத்தா பொரை ஏறும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க மதினி. அதெல்லாம் பழசு.”

“பழசுதான். நானும் பழசுதான்.” அவர் அதைத் திரும்ப அலமாரியில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

நர்ஸ் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் சொன்ன முறை வேறு. “அவசரப்பட்டு ஊத்தினா பொரை ஏறும்” என்றுதான் சொன்னார். முதல் சொல்லை நான் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே அது உறுத்தியது. போய்த் திருத்திச் சொல்லலாமா என்று இரண்டு முறை அடுக்களை வாசல் வரை போய்த் திரும்பினேன். 

ஜீப் நின்றது நார்த்தாமலைக்குப் போகிற பாதையோரம் இருந்த ஒரு தகரக் கொட்டகையில். மெக்கானிக் திருவரங்குளத்துக்காரர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். சண்டைக் காலத்தில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவர். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாமானைத் தொட்டே அது எந்த வண்டியுடையது என்று சொல்லிவிடுவார். சாக்கை விரித்து அதன் மேல் வழிக்கு வேண்டிய மாற்றுச் சாமான்களைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகச் சொல்ல, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் எழுதினேன். கணவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

எனக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டும். சத்தியமங்கலத்துக்கு மேலே ஒரு பட்டறை கிடையாது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் உடைந்து விழுவது போலவே இருந்தது.

“ஹார்ன் எழுதலையே?” என்றேன்.

“ஹார்ன் எதுக்கு தங்கச்சி?”

“காட்டுப் பாதையில யானை வந்தா?”

“யானைக்கு ஹார்ன் அடிச்சா அது நின்னு வழி விடுமாக்கும்?” வண்டிக்கு அடியிலிருந்து கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. “இங்க பாருங்க தங்கச்சி. ஒவ்வொரு சாமானையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இது இல்லாட்டி வண்டி நின்னு போகுமா, இல்ல சத்தம் போடுமா? சத்தம் போட்டா போட்டுட்டுப் போகட்டும். நின்னு போகும்னா மட்டும் எழுதுங்க. அம்புட்டையும் ஏத்துனா அதத் தூக்கியார இன்னொரு வண்டியில்ல வேணும்!”

அப்படித்தான் பட்டியல் சுருங்கியது. பிளக் நான்கு, பாயின்ட் ஒன்று, கண்டன்சர் ஒன்று, டியூப் இரண்டு, ஒட்டுப் போடும் சாமான், ஸ்பிரிங்கின் நீளப் பட்டை ஒன்று. சைலன்சரை நான் எழுதி, அவர் சிரித்து, நான் அடித்தேன். பக்கவாட்டுக் கண்ணாடியும் அப்படியே போனது.

ஏழாவது வரியில் விசிறி பெல்ட் வந்தது. திருச்சியிலிருந்து புதிதாக வாங்கி வந்திருந்தார்கள். ‘புது பெல்ட் ஒன்று’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, “‘பழைய பெல்ட்’னு போடுங்க” என்றார்.

“புதுசுதானே வாங்கிட்டு வந்தது?”

“புதுச வண்டியில மாட்டியாச்சு. கழட்டுன பழசு சாமான் பெட்டிக்குப் போகுது.”

எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. “பழசப் போயி காட்டுக்கு எடுத்துட்டுப் போறதா?”

அவர் கையிலிருந்த கிரீஸை வேட்டிக் கிழிசலில் துடைத்துக்கொண்டார். “புதுசு இன்னும் ஓடலை தங்கச்சி. அது நல்லதா கெட்டதான்னு எனக்கும் தெரியாது, கடைக்காரனுக்கும் தெரியாது. நார்த்தாமலை வரைக்கும் ஓட்டிப் பாப்போம். கொறை இருந்தா ஊருக்குள்ளயே தெரிஞ்சிரும். பழசு ரெண்டு வருசம் ஓடிக் காட்டிருச்சு. அதத் தூக்கிப் போட்டுட்டுப் போனீங்க, அங்க போயி அழுவீங்க.”

ரேடியேட்டர் குழாயிலும் அதே கதைதான். புதியது வண்டியில், பழையது பெட்டியில். வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம், “அந்த ஆளை நம்பலாமா?” என்று கேட்டேன். “நம்பாமத்தான் ஒன்னையும் புள்ளையையும் அந்த வண்டியில ஏத்துறனா?” என்றார்.

அதற்கு முன்பு, பட்டியலின் பதினெட்டாவது வரியில்தான் அது நடந்தது. மெக்கானிக், “நிப்பிள் நாலு” என்றார். நான் பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். என் கூடையில் புட்டியின் வாயில் மாட்டுகிற ரப்பர் இருந்தது. அதற்கும் அதுவேதான் பெயர்.

“கிரீஸ் அடிக்கிற நிப்பிள். பித்தளை. ஒடஞ்சா அது வழியா மண்ணு போயிரும்” என்றார்.

எனக்குக் காது வரைக்கும் சூடானது. தலையைக் குனிந்து எழுதினேன். அப்போதே, “எங்க வீட்டிலயும் ஒரு நிப்பிள் இருக்கு, ரெண்டையும் கலந்துராதீங்க” என்று சொல்லியிருக்கலாம். இரண்டு ஆண்களுக்கு நடுவில் அதை விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை.

பட்டியல் இருபத்திரண்டு வரிகளில் முடிந்தது. மெக்கானிக் அதை வாங்கி வைத்துக்கொண்டார், சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது சரிபார்க்க.

புறப்பட்ட அன்று காலை வாசலில் பாதித் தெரு நின்றது. மெக்கானிக்கும் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நின்றார். நான் ரப்பர்களைக் கொதிக்க வைத்து, ஒன்றை ஒரு புட்டியில் மாட்டிவிட்டு, மற்றப் புட்டிக்கும் மாற்றுக்குமாக மீதி மூன்றையும் ஒரு வட்டத் தகர டப்பாவில் போட்டு அடுக்களை அலமாரியில் ஆற வைத்திருந்தேன். கூடையைக் கட்டும்போது டப்பா நினைவு வந்தது. கணவர் வண்டியருகே நின்றார். அத்தனை பேருக்கும் முன்னால் எப்படிக் கேட்பது? குரலைத் தாழ்த்தி, “என்னங்க, அந்த நிப்பிள் டப்பா எடுத்தாச்சா?” என்றேன்.

“பெட்டியில இருக்கு. நானே வச்சேன், நாலு” என்றார் கணவர் உரக்க.

நாலா? நான் மூன்றுதானே போட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது. அடுப்பை அணைத்தேனா என்பதை மூன்று முறை பார்ப்பவள் நான். அன்றைக்கு என்னவோ, எண்ணியதில் நான்தான் தப்பு செய்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

மதினி குழந்தையை வாங்கி முகர்ந்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். பிறகு கதவோரம் போய் நின்றுகொண்டார். மெக்கானிக் மடித்த பட்டியலை ஜன்னல் இல்லாத அந்த ஜீப்பின் பக்கமாக நீட்டி, “எல்லாம் சரியா இருக்கு தங்கச்சி” என்றார்.

கரூர் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தியபோது பட்டியலைப் பிரித்தேன். என் இருபத்திரண்டு வரிகளுக்குக் கீழே, அழுத்திய பென்சிலில், கோணல் எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. ‘பழசு – ஒன்று.’

“இது என்னங்க?”

“பழைய பெல்ட்டா இருக்கும்.”

“பெல்ட் ஏழாவது வரியிலயே இருக்கே.”

“அப்ப வேற ஏதாச்சும் பழசு. அவங்கிட்ட எதுதான் புதுசு?”

ஈரோடு போய்ச் சேரும் வரை அந்த வரி என்னை விடவில்லை. எந்த உறுப்பு நம்பிக்கையாக இல்லாமல் கடைசி நேரத்தில் ஒன்றைச் சேர்த்திருப்பார்? அதைச் சொல்லாமல் ஏன் எழுதினார்? அன்று இரவு ஈரோட்டில் கணவரின் சிநேகிதர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கிளம்பினோம். சத்தியமங்கலத்தில் ஓட்டலில் வெந்நீர் கேட்டு வாங்கி பிளாஸ்கில் நிரப்பிக்கொண்டேன்.

கணவாயில் ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். முன்பக்கத்திலிருந்து சீறுகிற சத்தம். முன்கண்ணாடியில் வெந்நீர் அடித்தது. கணவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை அணைத்தார். புதிய ரேடியேட்டர் குழாய் பிளந்திருந்தது. நார்த்தாமலை வரை ஓடியது போதவில்லை, இந்த ஏற்றம் அதற்குப் புதிது. “பழசு பெட்டியில இருக்கு, கவலப்படாதே” என்றார்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. குழந்தைக்குப் பசி வேளை. அதுவும் அழத் தொடங்கிவிட்டது. வெந்நீரில் பால் மாவைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி, ரப்பரை வாயில் இழுத்து மாட்டினேன். பல நாள் கொதித்து ஊறிப்போன ரப்பர், விரலோடு கிழிந்து வந்தது. பரவாயில்லை, டப்பாவில் இருக்கிறது என்று கணவரிடம் கேட்டு வாங்கித் திறந்தேன்.

உள்ளே நான்கு பித்தளைத் திருகுகள், கிரீஸ் தடவி, பளபளவென்று.

அவருக்கும் விளங்கிவிட்டது. “நீ கேட்டது இதில்லையா?” என்றார். டப்பாவை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன். மேலே போனாலும் கீழே போனாலும் மணிக்கணக்கு. குழாயைக் கழற்றி வைத்திருக்கிற வண்டி. என் மகள் கையை வாயில் திணித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, மூச்சு நின்று நின்று அழுதாள். மதினி கேட்டது மட்டும் காதில் ஓடியது. ரெண்டும் ஒடஞ்சா? இவளை அங்கே விட்டு வந்திருந்தால் இந்நேரம் வயிறு நிறைந்து தூங்கியிருப்பாள்.

கணவர் குழாயைத் தேடிப் பெட்டியைத் துழாவினார். அடியில் பழைய வேட்டித் துணியில் இறுக்கிக் கட்டிய ஒரு சுருள் கையில் வந்தது. குழாய் என்று பிரித்தார். உள்ளே இன்னொரு துணி, வெள்ளையாய், சுத்தமாய். அது மதினியின் சேலைக் கிழிசல். அதற்குள் மூக்கு நசுங்கிய பித்தளைப் பாலாடை.

கணவர் அதைத் துணியோடு என் கையில் வைத்தார். “இருபத்துமூணாவது வரி” என்றார் அவர்.

வெந்நீரால் இரண்டு முறை கழுவினேன். அதில் பால் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மதினி பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை, மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டே, பல நாள் பார்த்திருக்கிறேன். தலையை முழங்கைக்கு மேல் தாங்கி, மூக்கை வாயின் ஓரத்தில் வைத்து, கொஞ்சமாகச் சாய்த்து, விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவது கழுத்தில் வழிந்தது. கழுத்தைத் துடைத்துவிட்டு மறுபடி சாய்த்தேன். மூன்றாவதை விழுங்கிவிட்டு, அழுகையை நிறுத்தி, ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

அவள் குடித்து முடிக்கவும் அவர் பழைய குழாயை மாட்டி முடிக்கவும் சரியாக இருந்தது. இரண்டும் முகாம் வரை எங்களைக் கொண்டு சேர்த்தன.

பத்து நாள் கழித்து ஊரிலிருந்து பார்சல் வந்தது. அலமாரியில் கிடந்த என் ரப்பர் டப்பாவைத் திறந்து பார்க்காமலே, ‘வண்டி சாமானத்த விட்டுட்டுப் போயிட்டாக’ என்று மதினி பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். மெக்கானிக் திறந்து பார்த்திருப்பார். பாவம், அவருக்கும் காது சூடாகியிருக்கும். டப்பாவோடு அவர் கோணல் எழுத்தில், ‘பாலாடை உங்க மதினி குடுத்தது. உங்களுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா எடுத்து வெளிய வச்சிருவீங்கன்னு சொன்னாங்க’ என்றும் எழுதி அனுப்பியிருந்தார்.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இன்றைக்கும் அவள் பள்ளிக்கூடம் விட்டு வர ஐந்து நிமிடம் தாமதித்தால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறவள்தான் நான். பயம் போகவில்லை. ஆனால் என் பட்டியல் எதுவும் என் எழுத்தோடு முடிந்துவிடுவதாக இப்போது நான் நினைப்பதில்லை. எனக்குத் தெரியாமல் கீழே ஒரு வரி சேர்த்தவர்கள் இருவர்.

அந்தத் தை மாதம் ஊருக்குப் போனதும் நான் முதலில் மதினியிடம்தான் போனேன். நர்ஸ் சொன்னதைத் திரித்துச் சொன்னதையும், கணவாயில் நடந்ததையும் ஒரே மூச்சில் சொல்லி, பாலாடையை அவர் கையில் வைத்தேன்.

“எனக்கென்ன தெரியும்? அந்தக் கிறுக்கன் பெட்டியில எதப் போடுறான்னு நானா பாத்துக்கிட்டு நிக்கிறேன்?” என்றார். குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். வாசலில் நின்று, திரும்பாமலேயே கேட்டார்.

“பொரை ஏறலையில்ல?”

“ஏறலை மதினி.”