கன்னத்தின் உள்பக்கம்

எங்கள் தொழிலில் சரக்கு என்பது அடுத்தவர் கன்னத்தின் உள்பக்கம். பஞ்சுக் குச்சியால் அதை லேசாகத் தேய்த்து, உறையில் போட்டு, லேபுக்கு அனுப்புவதுதான் என் வேலை. ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு இன்னொருவரின் ஸ்டெம் செல் பொருந்தினால் பிழைக்க வழி உண்டு. கூடப் பிறந்தவர்களுக்கே பல சமயம் பொருந்தாது, முன்பின் தெரியாத யாருக்கோ பொருந்தும். அந்த யாரோ ஒருவரைத் தேடித்தான் மீனாட்சிபுரத்துக்காரியான நான் இடுக்கி மலை வரைக்கும் பஸ் ஏறி இறங்குகிறேன். பாலிசி பிடிப்பவர்களே, கணக்கெடுக்கப் போகிறவர்களே, கூப்பிடாத வீட்டு வாசலில் போய் நிற்கும் சங்கடம் உங்களுக்குத் தெரியாததா?

சந்தையில்

வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தையன்று டீக்கடை ஓரமாக மேசை போட்டிருந்தேன். வயதான தரகர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்தார். ஸ்டெம் செல் ஏற்றினால் கிழடு தட்டாதாம், பேரன் செல்போனில் காட்டினானாம், நூறு வயது இருக்கத் தனக்கும் ஒன்று வேண்டுமாம். “இது வாங்கற எடமில்லீங்க, குடுக்கற எடமுங்க” என்றேன். “குடுத்தாப் போச்சு” என்று வாயைத் திறந்தார். ஐம்பது தாண்டியவர்களிடம் எடுக்க மாட்டோம் என்றதும் மூடிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப நீங்களும் எங்களாட்டத்தானுங்க அம்மிணி, வாயப் பாத்து வயசக் கண்டுட்டுத்தான் உருப்படியப் புடிக்கறீங்க.”

காசு கொடுப்பவர்

பஞ்சுக் குச்சி மலிவு. லேபில் அதைப் பரிசோதிப்பதுதான் செலவு. மலை முகாம்களுக்கு அந்தச் செலவைத் தருபவர் கம்பம்மெட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர். போன சீசனில் நன்றி சொல்லப் போனபோது, “இதுல எனக்கு ஆயுசு கூடுமா?” என்று கேட்டார். ஆயுளைக் கூட்டுவதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றேன். “சரி, வேற யாருக்காவது கூடியிருக்கா?” என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மலையில் நான் எடுத்த கன்னங்களில் அதுவரை ஒன்றுகூட யாருக்கும் பொருந்தவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். அவர் உள்ளங்கையில் ஏலக்காயை உருட்டிக்கொண்டே யோசித்தார்.

“அடுத்த சீசனுக்குள்ள ஒரு உசுராச்சும் பொழைக்கட்டும் தாயி, இல்லைன்னா இந்தக் காசைக் கோயிலுக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருந்துக்கிறேன்.”

வாளித் தண்ணீர்

அதற்கப்புறம் தேயிலை எஸ்டேட் ஒன்றில் முகாம். சபையில் பாஸ்டர் சொல்லிப் பலர் பெயர் கொடுத்திருந்தார்கள், கோயில் பக்கத்து ஆட்களும் வந்தார்கள். வரிசையில் பாதி வாயில் வெத்தலை. குச்சியைக் கன்னத்தில் வைத்தால் குங்குமத்தில் தோய்த்த மாதிரி வரும். வாளியில் தண்ணீர் வைத்து, “கொப்பளிச்சுட்டு வாங்க” என்று கத்திக் கத்தியே என் தொண்டை போயிற்று.

கிரேசி என்று ஆதார் அட்டையை நீட்டிய பெண்தான் எல்லோரையும்விட மோசம். ஆதார் படத்தில் யாரும் யாராகவும் இருக்கலாம் என்பதால் அதைப் பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை. அந்த அம்மாள் கொப்பளித்தார், கொப்பளித்தார், வாளிதான் சிவந்தது. கேரளத்தில் பை மாட்டி வரும் பெண்ணெல்லாம் டீச்சர்தான், அதனால் நானும் டீச்சர்.

“பல்லு விழுந்தாலும் விழும் டீச்சர், இந்தச் செவப்பு போகாது.”

வெள்ளைப் பல்

சில மாதம் கழித்து ஆபீசிலிருந்து போன். கிரேசியின் செல் ஒரு சிறுமிக்குப் பொருந்துகிறது, அவளுக்கு வேறு யாரும் பொருந்தவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். உறுதி செய்ய எஸ்டேட் டிஸ்பென்சரியில் கிரேசியிடம் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் மறுபடி போன். ரத்தம் பொருந்தவே இல்லை. சாம்பிளை நான்தான் மாற்றிவிட்டேன் என்றார்கள். என்னை வைதது பரவாயில்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் வேறு ஆள் இல்லை.

மறுநாளே மலையேறினேன். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கதவைத் திறந்து கிரேசி சிரித்தார். எனக்கு முகம் நினைவில் நிற்காது, வாய்தான் நிற்கும். இங்கே பல் அத்தனையும் பளிச்சென்று வெள்ளை. “வெத்தலையை எப்ப விட்டீங்க?” என்றேன்.

“நாங்க சபைக்குப் போறவங்க டீச்சர், வெத்தலைய வாயில வச்சதே கெடையாது.”

அடுத்த வீடு

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேச்சுச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பாக்கியம் எட்டிப் பார்த்தார். கன்னத்தில் வெத்தலை ஒதுக்கியிருந்த அந்தச் சிவந்த வாயை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாக்கியம் மறைக்கவே இல்லை. “அவளுக்கு அன்னிக்கு ஃபேக்டரில ஷிப்ட்டு. பேரு குடுத்துட்டுப் போகலைன்னா பாஸ்டர் என்ன நெனைப்பாரு? ரேஷன் வாங்கிக் குடுக்கிறதில்லையா, அது மாதிரி அட்டைய எடுத்துக்கிட்டு நான் போனேன்.”

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தச் சிறுமியைப் பற்றிச் சொன்னேன். இப்போது பாக்கியம் மனசு வைத்தால்தான் உண்டு. இஷ்டமில்லை என்றால் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் சொன்னேன். அவர் வெத்தலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“மொதல்லயே எம் பேர்லயே வந்திருப்பேனே டீச்சர், என்னைய யாரும் கேக்கலையே.”

கொச்சி

பாக்கியத்திடம் எடுத்த ரத்தம் சரியாகப் பொருந்தியது. அவர் புருஷன்தான் பயந்தார். முதுகெலும்பில் துளை போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதலில் சில நாள் ஊசி, அப்புறம் கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போகும், செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கும் என்று விளக்கினேன். “பால்ல வெண்ணெய் எடுக்கிற மாதிரியா?” என்று கேட்டுவிட்டுக் கூடவே கொச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார், மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

வெகுநாள் கழித்து, செல் பிடித்துக்கொண்டது, பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தகவல் வந்தது. ஏலக்காய்க்காரரிடம் சொன்னேன். கோயிலுக்கு வேறு பணம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு எஸ்டேட்டுக்குப் போனேன். பெயரும் ஊரும் இப்போது சொல்லக் கூடாது, ஆனால் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாளாம் என்றேன். பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கவலையாக என் கையைப் பிடித்தார்.

“எம் ரத்தம்ல ஓடுது, வெத்தலை ஆசை வந்துரும், பிள்ளைய ஒரு கண்ணு பாத்துக்கிடச் சொல்லுங்க டீச்சர்.”

ஆயுளை நீட்டும் ஆராய்ச்சி பெரிய ஊர்களில் எங்கே தொடங்குகிறதோ தெரியாது, எங்கள் பக்கம் அது ஒரு வாளித் தண்ணீரில்தான் தொடங்குகிறது.