பீடி லீவு

ஆரணியில் கந்தசாமி முதலாளியின் தறி ஷெட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. பீடி பிடிக்கிறவர் எழுந்து வெளியே போகலாம். பிடிக்காதவர் எழுந்தால், எதற்கு என்று கேள்வி வரும்.

பட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. ஒரு பொறி தெறித்தால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் பொசுங்கிவிடும். ஆகவே பற்றவைப்பதென்றால் ஷெட்டின் பின்பக்கச் சுவரோரம் போய்விட வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. நெய்கிறவரின் நெஞ்சுக்கூட்டைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. பட்டுக்குப் பயந்து மனிதருக்குக் கொடுத்த அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் பீடி லீவு என்று பெயர். தண்ணீர்க் குடம் உள்ளேயே இருந்தது. டீ தறிக்கே வந்துவிடும். முதுகை நிமிர்த்தவும் கொஞ்சம் காற்று வாங்கவும் லீவு கிடையாது.

புடவைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எழுந்து போனால் நெய்கிறவருக்குத்தான் நஷ்டம். இருந்தும் அவருடைய நேரம் முதலாளியின் சொத்து என்று முதலாளி நம்பினார், நெய்கிறவர்களும் நம்பினார்கள். அநியாயம் இத்தனை மலிவாக நடப்பதற்குக் காரணம், அதைச் சுமக்கிறவர்களே அதை வழக்கம் என்று சொல்லிக்கொள்வதுதான்.

தேவநேசன் மீசை முளைக்கும் வயதில் இந்த ஷெட்டுக்கு வந்தார். பெரியவர்கள் காதில் பீடியைச் செருகிக்கொண்டு வெளியே போவதையும், வெயிலில் நின்று சிரிப்பதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தறியில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அவரும் ஒன்றை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. புகைக்கு ஆசைப்பட்டு அவர் பீடி பழகவில்லை. வெளியே போக ஆசைப்பட்டுப் பழகினார். அதற்குப் பிறகு பீடி அவரை விடவில்லை.

நாற்பதை எட்டும் முன்பே இடது கால் சில்லிட்டுப் போக ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலில் யாரோ கயிறு போட்டு முறுக்குவது போல வலிக்கும், நின்றால் விட்டுவிடும். பெருவிரல் நுனி கறுத்தது. அங்கே வந்த சிறு புண் ஆறவேயில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரத்தக் குழாய் அடைச்சிகினு வருது. பீடியாலதான். இன்னிக்கு விட்டா கால் இருக்கும். ஒண்ணே ஒண்ணு தானேன்னு வலிச்சாகூட மொதல்ல வெரல் போவும், அப்புறம் பாதம். நீங்க இன்னா வேல செய்றீங்க?"

"குழித்தறி சார். பட்டு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். குழித்தறி என்றால் குழிக்குள் கால் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கால் போனால் தறி போகும். 

அதே ஆஸ்பத்திரியில் புகையிலையை விடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஓர் அறை இருந்தது. அங்கே இருந்த அன்புச்செல்வி பயமுறுத்தவில்லை, உபதேசமும் செய்யவில்லை.

"ஆசை வரும்ணா. நிச்சயமா வரும். ஆனா அது வந்தா வந்தபடியே குந்திகினு இருக்காது. கொஞ்ச நேரம் உச்சிக்கு ஏறும், அப்புறம் தானா எறங்கிடும். அது வரைக்கும் எடத்த மாத்துங்க. எழுந்து நடங்க. தண்ணி குடிங்க, காத்தாட நில்லுங்க."

"அவ்ளோதானா சிஸ்டர்?"

"அவ்ளோதான். செய்யறதுதான் கஷ்டம்."

தேவநேசன் பீடியை விட்டார். விட்ட பிறகுதான் பீடி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தது. நாக்கடியில் எச்சில் ஊறும், தாடை இறுகும். இழை அறுந்தால் முடிச்சுப் போட விரல் ஒரு நிலையில் நிற்காது. பக்கத்துத் தறியில் ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும் சத்தம் மண்டைக்குள் ஓடுவது போலிருக்கும். வீட்டில் தட்டைத் தள்ளிவிடுவார்.

"இன்னாங்க, கொழம்புல உப்பு இல்லன்னு தட்ட தள்றீங்க?" என்பார் அவர் மனைவி ஜாக்குலின். ரைஸ் மில்லில் நாள் முழுக்க அரிசி சலித்துவிட்டு வந்து சமைத்த குழம்பு அது. "உப்பு சரியாத்தான் கீது. உங்க நாக்குக்கு வேற ஒண்ணு வேணும், அதான்."

"தெரியுதுல்ல? அப்ப பேஜார் பண்ணாம சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா உங்க கால் நிக்குமா?"

கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், தீய பழக்கம் சாத்தான் பூட்டிய விலங்கு, விசுவாசம் இருந்தால் அறுந்து விழும் என்றார்கள். தேவநேசன் தலையைக் குனிந்துகொண்டார். ஆசை வரும்போதெல்லாம் தன்னுடைய விசுவாசத்தில்தான் கோளாறு என்று எண்ணிக்கொண்டார். சாத்தானுக்கு ஆரணியில் பெட்டிக்கடை இல்லை. பீடிக்கட்டின் மேல் புற்றுநோய்ப் படத்தை அச்சடிக்கச் சொல்லிவிட்டு, அதே கட்டை விற்க அனுமதி கொடுத்து வரியும் வாங்குவது எந்தப் பிசாசு என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. மருந்து வேண்டிய இடத்தில் குற்ற உணர்வைக் கொடுத்து அனுப்பினால், அவர் அதையும் சேர்த்துத்தான் சுமப்பார்.

ஷெட்டில் அன்புச்செல்வி சொன்னபடி செய்து பார்த்தார். ஆசை ஏறும்போது, "ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றேன் மொதலாளி" என்று எழுந்தார். முதல் நாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் கந்தசாமி தலையைத் தூக்கினார்.

"இன்னா தேவநேசா, சக்கர வந்துட்சா உனக்கு? காலைலேர்ந்து போய்கினே கீற?"

ஷெட்டே சிரித்தது. கந்தசாமி கெட்டவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர் அல்ல. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார். கால் புண் என்று கேள்விப்பட்டுத் தேவநேசனையும் போய்ப் பார்த்தவர்தான். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஓர் ஆள் சும்மா நிற்பதை அவரால் தாங்க முடியாது.

அன்றைக்கு மத்தியானம் தேவநேசன் பக்கத்துத் தறித் துரையிடம் கை நீட்டினார்.

"தொரை, ஒரு பீடி குடு."

"வுட்டுட்டன்னு சொன்ன?"

"வலிக்கறதுக்கு இல்லடா. காட்டறதுக்கு."

துரைக்குப் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பஸ்ல பாஸ் காட்டற மாதிரியா? நல்லா கீதுண்ணா உன் வைத்தியம்!"

தேவநேசன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். கந்தசாமி ஒரு தடவை பார்த்துவிட்டு ஜரிகைக் கட்டைப் பிரிக்கத் திரும்பிவிட்டார். இருபத்தைந்து வருஷம் முன்னால் எந்தத் தந்திரத்தால் வெளியே போனாரோ, அதே தந்திரம். பீடியை விடுவதற்கு அவருக்குப் பீடி தேவைப்பட்டது. அந்த ஷெட்டில் உட்கார்ந்து பார்க்காத யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். அங்கே உட்கார்ந்தவர்கள் செய்யாமலும் இருந்திருக்க மாட்டார்கள்.

சில நாள் சரியாகத்தான் போனது. சுவரோரம் நின்று, பற்றவைக்காத பீடியைக் கையில் உருட்டிக்கொண்டு, மற்றவர்கள் விட்ட புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். பிறகு கையில் இருந்தது உதட்டுக்குப் போனது. சும்மாதான், மென்றுகொண்டிருக்க.

அந்தச் சுவரோரத்தில் ஒரு வழக்கம். காற்று அதிகம் என்பதால் ஒருவர் குச்சியைக் கிழித்துக் கையைக் குவித்து, எல்லாருக்கும் அதே நெருப்பைக் காட்டுவார். உதட்டில் பீடி வைத்திருப்பவரை விட்டுவிட்டுப் போனால் அவமரியாதை. அன்று தேவநேசனின் தறியில் காலையிலிருந்து இழை அறுந்துகொண்டே இருந்தது. துரை ஏதோ கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தபடி குச்சியைக் கிழித்தார். வரிசையாக நெருப்பைக் காட்டிக்கொண்டு வந்தவர், கதையை நிறுத்தாமலே இவர் உதட்டுக்கு முன்னாலும் கையைக் குவித்தார். தேவநேசன் குனிந்து இழுத்தார். யோசிக்கவே இல்லை. இழுத்த பிறகுதான் இழுத்தது தெரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

துரைக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, நெனப்பு இல்லண்ணா..."

"வுடு. ஒண்ணுதானே."

ஒன்று, அடுத்த நாளும் ஒன்று. பிறகு எண்ணவில்லை. வீட்டுக்குப் போகும் முன் கொய்யா இலையை மென்று துப்பினார்.

கோயில் முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேவநேசன் ஒரு கடை முன்னால் நின்றார். கொஞ்ச தூரம் நடந்ததும் இன்னொரு கடை முன்னால் நின்றார். ஜாக்குலின் இரண்டு கடைகளையும் பார்த்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? அது பொம்பளைங்க செருப்புக் கட."

தேவநேசன் இடது காலைத் தரையில் சரியாக ஊன்றாமல் நின்றிருந்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்க."

"ஆமா."

ஜாக்குலின் நடுரோட்டில் கத்தவில்லை, அழவும் இல்லை. "நாளைக்கு மில்லுக்கு லீவு சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். நடக்க முடியுமா, ஆட்டோ புடிக்கட்டா?" என்றார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் தேவநேசன் அன்புச்செல்வியின் முன்னால் உட்கார்ந்தார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "எந்த எடத்துல பீடி வலிச்சீங்க?" என்று கேட்டார். தேவநேசன் பீடி லீவைப் பற்றியும், காதில் செருகிய பாஸைப் பற்றியும் சொன்னார். அன்புச்செல்வி முதலில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"நிக்கோடின் கம் குடுப்போம் சில பேருக்கு. உங்களுக்குத் தர மாட்டாங்கண்ணா. பீடில இருக்கற அதே நஞ்சு அதுலயும் கொஞ்சம் இருக்குது, உங்க கால் தாங்காது. உங்களுக்கு எழுந்து போறது ஒண்ணுதான் வழி. மொதலாளிகிட்ட நேரா கேட்டுடுங்க."

"கேட்டா தறிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு சிஸ்டர்."

 ஜாக்குலின் குறுக்கே வந்தார். "வேற தறி தேடலாம். வேற காலு எங்க தேடறது?"

மறுநாள் தேவநேசன் காதில் ஒன்றும் செருகவில்லை. முற்பகல் தாண்டுவதற்குள் ஆசை வந்துவிட்டது. முதலில் எச்சில், பிறகு தாடை. குழியிலிருந்து எழுந்தார்.

"இன்னா, பீடிக்கா?" என்றார் கந்தசாமி.

"இல்ல மொதலாளி. பீடிய வுடப் போறேன். அந்த நெனப்பு ஏறிகினு வருது. கொஞ்ச நேரம் வெளிய குந்திட்டு வர்றேன்."

"நெனப்புதானே? தறிலயே குந்தி நெனச்சிக்க."

"தறில குந்தினா போவ மாட்டேங்குது."

"அப்ப பின்னாடி போ."

"பின்னாடி எல்லாரும் வலிப்பாங்க. நான் முன்னாடி போறேன்."

"முன்னாடியா? பொடவ வாங்க வர்றவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? ஆளு சும்மா குந்திகினு கீறான்னு சொல்ல மாட்டாங்க?"

"சும்மாதான் மொதலாளி குந்தப் போறேன்."

ஷெட்டில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தேவநேசன் முன்வாசலைத் தாண்டி, மின்கம்பத்தடியில் கிடந்த சிமென்ட் கல்லில் உட்கார்ந்தார்.  எதிர்ப்பக்கப் பெட்டிக்கடையில் கட்டுக்கட்டாக அது இருந்தது. அவர் கண்ணை அங்கிருந்து பிடுங்கி ரோட்டில் போட்டார். தேவிகாபுரம் பஸ் ஒன்று போனது. அரிசி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுக்க முடியாமல் திணறியது. அந்த டிரைவர் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. பிறகு தனக்கே அழுகை வரும் போலிருந்தது. உச்சிக்கு ஏறியது. எழுந்து பெட்டிக்கடைக்குப் போக உடம்பு ஒரு தடவை முன்னால் சாய்ந்தது. கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, அவர் கவனிக்காத ஒரு கணத்தில், இறங்க ஆரம்பித்தது.

உள்ளே வந்தபோது துரை பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "ஒழுங்கா இருந்த லீவ கெடுத்துட்டல்ல? இனிமே பீடிக்கும் மொதலாளி கணக்கு கேப்பாராம். உனக்கு இன்னாண்ணா, நல்லவனாயிட்ட."

தேவநேசனுக்கு அது சுருக்கென்று தைத்தது. மூச்சு விடுவதற்கு லீவு கேட்க வேண்டிய ஆட்களில் ஒருவர் கேட்டதற்கு, இன்னொருவர் கோபப்பட்டது அவர் மேல். கந்தசாமி மேல் அல்ல.

கந்தசாமி தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பாதிப் புடவை நெய்தாகியிருந்தது. பாதியில் கை மாற்றினால் இழையை நெருக்க அடுத்தவர் தட்டுகிற தட்டு வேறாக இருக்கும்; மாற்றிய இடத்தில் கோடு விழுந்து, புடவை விலை போகாது. அதனால் பாவில் இருக்கும் புடவையிலிருந்து யாரையும் எழுப்புவதில்லை. கந்தசாமி புடவையின் உடல் பகுதியில் ஓடிய பூவேலையைத் தடவிப் பார்த்தார்.

"மொதல்ல இந்தப் பொடவைய முடிச்சி அறுத்து எறக்கு. அப்புறம் பேசிக்கலாம்."

"சரிங்க மொதலாளி."

அன்று மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பீடி ஆசை மறுபடியும் வந்தது. காலையில் வந்ததைவிட மோசமாக. முந்தானைக்கு இன்னும் எத்தனை முழம் என்று தேவநேசன் பார்த்தார். வேகமாக நெய்தால் சீக்கிரம் முடியும், முடிந்தால் தறி போகலாம். மெதுவாக நெய்தால் கூலி தள்ளிப் போகும். எச்சில் ஊறியது. நாடாவைக் கீழே வைத்தார்.

கந்தசாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஷெட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தேவநேசன் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, குழியிலிருந்து முதலில் நல்ல காலை வெளியே எடுத்தார். பிறகு மற்றதை.