நடுச்சீட்டு

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவளின் பெயரை யார் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்? ஆனாலும் அவளுக்குத் தெருவே கூடிப் பெயர் வைத்திருந்தது. சீட்டக்கா. கோட்டை வெளுக்கப் போட வருகிறவர்கள்கூட, "கோட்டு மெதுவா ஆகட்டும், முதல்ல சீட்டு எடுத்துப் பாருங்கக்கா" என்பார்கள். கவுன்ட்டரில் டோக்கன் டப்பாவுக்கும் ஹேங்கர் குவியலுக்கும் நடுவில் ஒரு முழ இடம் அவளுடையது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு அங்கே வெள்ளைத் துண்டு ஒன்றை விரிப்பாள். வேலை கிடைக்குமா, வீடு மாறலாமா, கோபித்துக்கொண்டு போனவன் திரும்புவானா என்று கேட்பார்கள். பலன் கேட்டவர்கள் பழைய சீட்டுக்கட்டு ஏதாவது கொண்டுவந்து கொடுத்துவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியாது.

அவள் கட்டிலுக்கு அடியில் செருப்பு வைக்கக்கூட இடமில்லை. எல்லாம் சீட்டுக்கட்டுகள்தான். சட்டை மடித்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டிகளில் வரிசை வரிசையாக இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கட்டு, வட்டமான கட்டு, பார்வையில்லாதவர்கள் தடவி ஆடப் புள்ளி குத்திய கட்டு, மருந்துக் கம்பெனி விளம்பரம் போட்ட கட்டு. டாரோ கட்டுகளும் உண்டு. சூரியன், இடிந்து விழும் கோபுரம், தலைகீழாகத் தொங்கும் மனிதன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். படம் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவர்களுக்கு அது. குடும்பத்துக்குப் பார்க்க மட்டும் மூலை தேய்ந்த சாதாரணக் கட்டு ஒன்றைத் தனியாக வைத்திருந்தாள். குடும்பம் என்றால் பெரிய பட்டாளம் இல்லை. ஒரே ஒரு தம்பி.

அம்மா போய்ச் சேர்ந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. இவள் பள்ளியை முடித்திருந்த பெண். அன்றிலிருந்து அவனுக்கு அம்மாவும் இவள்தான், அப்பாவும் இவள்தான், தேவைப்பட்டபோது போலீஸும் இவள்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவன் ஒவ்வொரு ஊரிலிருந்தும் அக்காவுக்கு ஒரு கட்டு வாங்கி வருவான். கட்டிலடியில் பாதி அவன் கொடுத்தது.

சீட்டுப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. யாருக்குப் பார்க்கிறாளோ அவருக்காக ஒரு சீட்டைப் பொறுக்கி நடுவில் வைப்பாள். முப்பது தாண்டாத பையன் என்றால் ஜாக்கி. அதற்கு மேல் போனால், கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், ராஜா. அப்புறம்தான் மீதியைக் கலைத்து, எதிரே இருப்பவரை வெட்டச் சொல்லி, சுற்றிலும் பரப்புவாள். சுற்றி விழுகிற சீட்டு என்ன சொல்கிறது என்பதெல்லாம் நடுவில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஜாக்கிக்குப் பக்கத்தில் இஸ்பேட் ராணி விழுந்தால், பையனை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு போக ஒருத்தி வருகிறாள். அதே ராணி ராஜாவுக்குப் பக்கத்தில் விழுந்தால், குடும்பத்தைக் கட்டிக் காக்கும் மனைவி. அதனால் கடையில் யார் வந்து நின்றாலும் அவளுடைய முதல் கேள்வி, "வயசு என்ன?"

தம்பி ஒருநாள் ஒரு நர்ஸை அழைத்துக்கொண்டு வந்து, "அக்கா, இவளைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றான். இவள் தேய்ந்த கட்டை எடுத்தாள். நடுவில் வைத்த ஜாக்கிக்குப் பக்கத்திலேயே இஸ்பேட் ராணி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டே, "இவ வேணாம்டா. உன்னை எங்கிட்டேருந்து பிரிச்சிடுவா" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே செத்துவிட்டது. "நீ சீட்டோடவே குடும்பம் நடத்துக்கா" என்று தம்பி படியிறங்கிப் போனான். கல்யாணத்துக்கு இவள் போகவில்லை. மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

கோபம் முதல் வருடத்திலேயே ஆறிவிட்டது. மிச்சமிருந்ததெல்லாம் ஏக்கம்தான். போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று தினமும் கடை திறந்ததும் சீட்டைக் கேட்பாள். ஒருநாள் சண்டை என்று வரும், ஒருநாள் கண்ணீர் என்று வரும். நல்ல வார்த்தையாக ஒன்றுகூட வராது. சீட்டு விடாமல் எப்படிப் போவது? பெட்டியை வெறுப்போடு சூடாக்கி அடுத்தவர் சட்டைக் காலரில் அழுத்துவாள்.

ஒரு மத்தியானம் கவுன்ட்டருக்கு முன்னால் அந்த நர்ஸ் வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கை நிறைவயிற்றின் மேல். சீட்டக்காவின் கால் அதுபாட்டுக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டது.

"உக்காரும்மா. எத்தனை மாசம்?"

"எட்டு அண்ணி."

"அவன் அனுப்பிச்சானா?"

"நான் வந்தது தெரிஞ்சா ஆடித் தீத்துடுவாரு. ஆனா தூக்கத்துல அக்கா அக்கான்னு புலம்புறாரு. போன ஊர்லெல்லாம் சீட்டுக்கட்டு வாங்கி பீரோ மேல அடுக்கி வச்சிருக்காரு. யாருக்குன்னு கேட்டா உர்ருன்னு பாக்குறாரு. எனக்கும் அம்மா இல்ல. பிரசவத்துக்கு நீங்க கூட இருக்கணும் அண்ணி."

சீட்டக்கா குனிந்து துண்டை நீவினாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லியா? சீட்டு விட மாட்டேங்குதும்மா."

நர்ஸ் சிரிக்கவில்லை. "அன்னிக்கி எனக்கு என்ன சீட்டு வந்துச்சு? அதைக் கொஞ்சம் காட்டுங்க."

சீட்டக்கா தேய்ந்த கட்டைப் பிரித்து இரண்டு சீட்டைத் தேடி எடுத்துப் போட்டாள். "இது நீ. இஸ்பேட் ராணி."

"நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் மொறைக்கிறா. இந்தப் பொடியன் யாரு?"

"உன் புருஷன். ஜாக்கி."

"ஜாக்கின்னா?"

"முப்பது தாண்டாத பையன்."

நர்ஸ் சீட்டைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். "அண்ணி, அப்பவே அவருக்கு முப்பத்தாறு."

இஸ்திரிப்பெட்டி பின்னால் உஸ்ஸென்று ஆவி விட்டது. யாரும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. வந்தவர் போனவரையெல்லாம் வயது கேட்டவள், தம்பியை மட்டும் கேட்கவில்லை. பிறந்த தேதி தெரியும், கிழமை தெரியும், எத்தனை மணிக்கு அழுதான் என்பதுகூடத் தெரியும். கூட்டிப் பார்க்கத்தான் தோன்றவே இல்லை. தலையைத் தண்ணீர் தொட்டு வாரிப் பள்ளிக்கு அனுப்பிய பையனையே இத்தனை வருடமும் நடுவில் உட்காரவைத்து, வேறு யாருடைய வாழ்க்கைக்கோ பலன் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட வலித்தது.

ஜாக்கியை எடுத்துவிட்டு ராஜாவை வைத்தாள். ராணி அங்கேயே இருந்தாள்.

"குடும்பத்தைக் கட்டிக் காக்குறவ" என்று படித்தாள். "சீட்டு அன்னிக்கே சரியாத்தான் சொல்லியிருக்கும்மா. நான்தான் உன்னை அழ வச்சுட்டேன்."

"ஆமா. பஸ்ல வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழுதேன்" என்றாள் நர்ஸ். அதை மறைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

சீட்டக்காவின் கை பழக்கத்தில் கட்டைக் கலைக்கப் போனது. போகலாமா என்று கேட்கத்தான். பாதியில் நின்றது. கட்டை அப்படியே கவுன்ட்டரில் போட்டுவிட்டு, "எனக்கு லீவு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். முதலாளி என்ன சொன்னாரோ, கேட்க அவள் அங்கே இல்லை.

பஸ்ஸில் நர்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை. இனி பழைய மாதிரி பேசக்கூடாது. அவன் ராஜா. ஒரு வீட்டுக்குத் தலைவன். மரியாதையாகப் பேச வேண்டும். கதவைத் தட்டியதும் தம்பி வந்து திறந்தான். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான், லேசாகத் தொப்பை, காதோரம் நரை. இவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

அவன் முகம் கோணிக்கொண்டு போனது. "யாரைக்கா கேக்குற? திட்டு, அடி, சீட்டை மூஞ்சில விட்டெறி. நீங்க வாங்கன்னு மட்டும் பேசாதக்கா. தாங்காது எனக்கு."

ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போனது.

"ஏண்டா, முப்பத்தொம்பது வயசாச்சு, பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு அக்காவுக்கு ஒரு போன் போடத் துப்பு இருக்கா உனக்கு? வாயும் வயிறுமா இருக்கிறவளை இந்த வெயில்ல பஸ் ஏற விட்டுட்டு நீ இங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு என்னடா கிழிச்சிட்டிருக்க?"

இன்னும் நிறைய வந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் தலையைக் குனிந்து ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டான். அக்கா மூச்சு வாங்க நிறுத்தியதும், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான்.

"அவ்வளவுதானா? மூணு வருஷத்துக்கு இது பத்தாதுக்கா" என்றான்.