தூர்டிஸ் கேட்காமல் இருந்த காலை

எங்கள் லில்லேசான் படகுத்துறையில் தூர்டிஸைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. அவள் காதுபடவே இதைச் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொள்வாள். கடலே கண்ணில் படாத மலைப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. முன்பின் தெரியாதவர்களின் வாய்க்குள் கையை விடுவாள், படகு கொஞ்சம் சாய்ந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். போயும் போயும் ஐலிஃபைக் கட்டிக்கொண்டாள். ஜூலை பிறந்துவிட்டால் அவனுக்குக் கரையில் இருப்புக்கொள்ளாது. கல்யாணமான வருடத்திலிருந்து கோடைதோறும் இருவரும் பாய்மரப் படகில் கரையோரமாகவே ரிசோர் ஊர் வரை போய்த் திரும்புவார்கள்.

என் படகு அவர்களுடையதற்கு அடுத்தது. அதனால் அவர்கள் சண்டையும் எனக்குத் தெரியும். எல்லாம் ஒரே சண்டைதான். எட்டு மீட்டருக்குக் குறைந்த படகில் போகிறவர்கள் மிதவைச் சட்டை போட்டாக வேண்டும் என்பது சட்டம். ஐலிஃபின் படகு எட்டு மீட்டர் இருபது. அந்த இருபது சென்டிமீட்டரைப் பற்றி அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

"சின்னப் படகுக்காரனுங்க போட்டுக்கட்டும். எனக்கெதுக்கு?" என்பான்.

தூர்டிஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தான் கீழே அறையில் இருக்க, அவன் மேலே தனியாக இருந்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, "ஐலிஃப், இருக்கியா?" என்று குரல் கொடுப்பாள். அவன் "இருக்கேன்" என்று சொல்லியாக வேண்டும். இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

போன ஜூலையில், போகும் வழியில், கிரிம்ஸ்டாட் துறையில் ஒரு காலை. கட்டிக் கிடந்த படகிலும் பழக்கதோஷத்தில் அவள் குரல் கொடுத்துவிட்டாள். பக்கத்துப் படகுக்காரன் ஒருவன் சும்மா இருக்கவில்லை.

"என்னப்பா, வீட்டம்மா அட்டெண்டன்ஸ் எடுக்கிறாங்களா? லேட்டா வந்தா பெஞ்சு மேல ஏத்திருவாங்களா?"

துறையே சிரித்தது. ஐலிஃபின் காது சிவந்துவிட்டது. கயிற்றை அவிழ்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாளாவது கேக்காம இரு. என் படகுல நான் இருக்கேனான்னு என்னையே கேக்கிறது என்ன பழக்கம்?" என்றான்.

"சரி, கேக்கல. செத்தாலும் கேக்க மாட்டேன்," என்றாள் அவளும்.

கடைசித் தீவைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்தார்கள். பின்காற்று. முன்பாய் மட்டும் விரிந்திருந்தது. சுக்கானைத் தானாகப் பிடித்து ஓட்டும் கருவியிடம் படகை விட்டுவிட்டு ஐலிஃப் காலை நீட்டி உட்கார்ந்தான். அவள் இறால் பையோடு கீழே இறங்கினாள். வேகவைத்த இறாலை ஒவ்வொன்றாக உரித்து, ஓடுகளைச் சின்ன ஜன்னல் வழியாகக் கடலில் எறிந்துகொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. கேட்டால் தோற்றுப்போய்விடுவோம் என்ற வீம்பு. அதனால் சுற்றி வளைத்தாள்.

"எலுமிச்சம்பழத்தை எங்க வெச்ச?"

பதில் இல்லை.

கோபம் வந்தால் வாயைத் தைத்துக்கொள்வது எங்கள் கரை ஆண்களுக்குக் கைவந்த கலை. "ஓ, எலுமிச்சம்பழத்துக்குக்கூடப் பதில் கிடையாதா? ரொம்பத்தான்!" என்று முணுமுணுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் உரித்தாள். பிறகு மனசு கேட்காமல், "காபி போடட்டுமா?" என்றாள்.

காபிக்கும் பதில் இல்லை. எந்தக் கோபத்திலும் ஐலிஃப் காபியை வேண்டாம் என்றதில்லை. அவள் கையிலிருந்த இறால் கீழே விழுந்தது.

மேலே ஏறிப் பார்த்தாள். யாரும் இல்லை. இருக்கையில் அவன் தொப்பி கிடந்தது. சுக்கான் பிடி தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தது. படகு ஒரு குறையும் இல்லாமல், ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ரொம்பப் பயந்தாளாம். நாலாபுறமும் தண்ணீர், எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி அலை. கத்தினாள். எப்போது விழுந்தான்? எலுமிச்சம்பழத்துக்கு முன்னாலா, பின்னாலா? தெரியவில்லை.

ரேடியோ கீழே இருந்தது. ஓடிப்போய் உதவி என்று கத்திவிட்டு உடனே மேலே வந்தாள். தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவே பயம். பாயைச் சுருட்டும் கயிறு எப்போதும் அவள் வேலை, அதை இழுத்துச் சுருட்டினாள். கருவியின் கையை நெம்பிக் கழற்றினாள். மோட்டார் சாவியை அவன் திருப்புவதைப் பார்த்திருக்கிறாள், திருப்பியதில்லை. திருப்பினாள். மோட்டார் உறுமியதும் சுக்கானைத் தள்ளினாள், படகும் திரும்பியது. ஆனால் எந்தப் பக்கம் போவது? வந்த வழி என்று தண்ணீரில் என்ன இருக்கிறது?

அப்போதுதான் கடற்காகங்களைப் பார்த்தாள். தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆனால் ஒரே வரிசையில். அவள் எறிந்த இறால் ஓட்டுக்காக ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருந்தன.

அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போனாள். சுக்கான் பிடித்துப் பழக்கமில்லாததால் படகு கோணல்மாணலாகப் போனது. கொஞ்ச தூரம் போவாள், மோட்டாரை அடக்குவாள், எழுந்து நின்று கூப்பிடுவாள்.

"ஐலிஃப், இருக்கியா?"

காகங்கள்தான் கத்தின. இன்னும் கொஞ்ச தூரம்.

"ஐலிஃப்! இருக்கியா?"

ஒன்றும் இல்லை. வரிசையில் கடைசிக் காகம் தெரிந்தது. அதற்கப்பால் வெறும் கடல். குரல் வருமா என்றே தெரியாமல் மறுபடியும் கூப்பிட்டாள்.

"இருக்கேன்," என்று எங்கிருந்தோ ஈனசுரத்தில் ஒரு குரல்.

மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். உதடு நீலம். மிதவை வளையத்தை எறிந்தாள், கயிற்றைப் பிடித்து இழுத்துவந்து, ஏணியை இறக்கி, கக்கத்துக்கடியில் கயிற்றைப் போட்டு, ஒவ்வொரு படியாக ஏற்றினாள். கால்சட்டை முட்டிக்குக் கீழே கிடந்தது. படகின் பின்பக்கம் நின்று ஒன்றுக்குப் போகும்போது ஓர் அலை வந்து தூக்கிக் கடலில் போட்டிருக்கிறது. எங்கள் ஊர் ஆண்கள் கடலில் விழுவதென்றால் பெரும்பாலும் இப்படித்தான். கழிப்பறை உள்ளேயே இருக்கும், ஆனால் துரைக்கு வெட்டவெளி வேண்டும்.

போர்வைக்குள் அவன் பல் கிடுகிடுத்தது.

"எலுமிச்சம்பழம் எங்கன்னு கேட்டேனே, ஏன்டா பதில் சொல்லல?" என்று அவன் தோளில் அடித்து அழுதாள்.

"படகு உன்னைத் தூக்கிட்டுப் போகுது, தூர்டிஸ். நிறுத்தத் தெரியாம நீ போய்ட்டே இருக்க. நான் கத்துறேன், நீ திரும்பிக்கூடப் பாக்கல," என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னானாம். உதவிப் படகு வந்து சேரும் வரைக்கும்.

ஊர் திரும்பியதும் கால்சட்டையை வைத்து நான் செய்யாத கேலி இல்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். மிதவைச் சட்டையைத் துறையில் நடக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. அதையும் விட்டுவைக்கவில்லை நான்.

போன வாரம் தூர்டிஸ் என் படகில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் வந்தது ஐலிஃபுக்குத் தெரியாது. தங்கள் படகின் கீழறையிலிருந்து தலையை நீட்டினான். காலியாகக் கிடந்த தளத்தைப் பார்த்தான்.

"தூர்டிஸ், இருக்கியா?"

அட்டெண்டன்ஸ் ஜோக் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் கண்ணில் படும்படி எழுந்து நின்றாள்.

"இருக்கேன்," என்றாள்.