பரிமளா செய்த கை

செவ்வாய்க்கிழமை காலை அலைபேசியில் பரிமளாவின் பெயர் வந்தது. “சொல்லுங்க பரிமளா” என்றேன். “நான் அவங்க தம்பி பேசுறேன். அக்கா தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றது குரல். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திருவிடைமருதூர் போனேன். அவருக்கு வயது நாற்பத்தாறு. எனக்கும் அதே வயதுதான்.

கும்பகோணத்தில் உள்ள ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அதற்கு முன் அவர் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். நான் ஃப்ளெக்ஸ் பேனர் செய்துகொண்டிருந்தேன். இருவருக்குமே ரிக்கிங் தெரியாது. கணினியில் செய்த உருவம் தானாக அசையாது. அதற்குள் எலும்பு எலும்பாகப் பொருத்தி, எந்த எலும்பு அசைந்தால் உடம்பின் எந்தப் பகுதி எவ்வளவு கூட வர வேண்டும் என்று குறிக்க வேண்டும். யூடியூப் பார்த்துத் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டோம். பரிமளாவின் முதல் உருவம் ஒரு விவசாயி. கையைத் தூக்கினால் தொப்பையும் சேர்ந்து தோள்வரை ஏறியது. அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, “மனுஷன் முழு மனசோட கை தூக்குறாருங்க” என்றார்.

கடைசிவரை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசிக்கொண்டோம். வீட்டு விஷயங்கள் அதிகம் பேசியதில்லை. இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கூட இருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று, சைகை மொழியில் ஒரு கதைப்படம் கேட்டது. வரப்பில் வளை தோண்டும் நண்டின் கதை. அதை ஒரு சிறுமி கையசைத்துச் சொல்ல வேண்டும். அந்தச் சிறுமிக்கு எலும்பு பொருத்தியவர் பரிமளா. வேலை சுலபமாக இருக்கட்டும் என்று, கட்டை விரலைத் தனியாகவும் மற்ற நான்கு விரல்களை ஒரே துண்டாகவும் வைத்திருந்தார். ஆரம்பத்தில் எல்லோரும் அப்படித்தான் வைப்போம்.

பள்ளியில் படத்தைப் போட்டுக் காட்டினோம். பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு பெண் டீச்சரிடம் கையால் ஏதோ கேட்டாள். டீச்சர் தயங்கி, “அந்தப் பொண்ணுக்குக் கையில அடிபட்டிருக்கான்னு கேக்குறா” என்றார்.

திரும்பி வரும்போது ஸ்டுடியோ முதலாளி, “அடுத்த படத்துல பாத்துக்கலாம். அவங்க ஒண்ணும் குறை சொல்லலையே” என்றார்.

“அந்தப் பொண்ணுக்குக் கைதாங்க வாய். நாம வாயைத் தைச்சு அனுப்பியிருக்கோம்” என்றார் பரிமளா.

எலும்பை மாற்றினால் அதுவரை அசைத்து முடித்த காட்சிகள் எல்லாம் வீணாகிவிடும். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தானே செய்துகொள்வதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார் பரிமளா. சில ஞாயிறுகள் நானும் போனேன். இடது கையை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். சுண்டு விரலை மடக்கினால் மோதிர விரலும் கொஞ்சம் கூடவே வருகிறது என்று கண்டுபிடித்து, அதையும் அந்தச் சிறுமியின் கையில் கொண்டுவந்தார். கட்டை விரல்தான் படாத பாடு படுத்தியது. மடக்கினால் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. ஒருநாள் மவுஸைத் தள்ளிவிட்டு, “ஆல்பம் வேலைக்கே திரும்பிப் போயிடவா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. நான் எழுந்துபோய் டீ வாங்கி வந்தேன். குடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

கை தயாரானதும் காட்சிகளை முதலிலிருந்து அசைத்தோம். அதற்குள் முதலாளியும் மனம் மாறி வேலை நாட்களையே கொடுத்திருந்தார்.

இரண்டாம் முறை பள்ளிக்குப் போனபோது பரிமளா திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். நண்டு வரும் இடத்தில் அதே பெண் எழுந்து நின்று, திரையிலிருந்த சிறுமியைப் பார்த்துப் படபடவென்று கையசைத்தாள். பக்கத்துப் பையன் அவளோடு சண்டைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் எல்லாப் பிள்ளைகளின் கைகளும் மேலே இருந்தன.

“என்ன சொல்றாங்க?” என்று முதலாளி கவலையோடு கேட்டார்.

“நண்டுக்கு அப்படிக் கை காட்டக் கூடாதாம். படத்துல வர்ற பொண்ணு தப்பா சொல்றாளாம். திருத்துறாங்க” என்றார் டீச்சர்.

பரிமளா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “திருத்துறாங்கன்னா புரிஞ்சிருச்சுங்க.”

அந்தக் கையின் ஃபைல் ஸ்டுடியோவில் இருக்கிறது, எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அது எனக்கு மட்டும் சொந்தமில்லை. நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது வேறு. எந்த வேலையை முடித்தாலும், அது யாருக்காகச் செய்ததோ அவர்கள் முன் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். யாராவது ஒரு குறை சொன்னால் நிம்மதியாக இருக்கிறது. மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிட்டால், அன்று எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.