அவர் உரித்துத் தந்த பம்பளிமாஸ்

கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்த புதிதில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். அப்போது திருச்சானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். நான் வீடு திரும்பும் நேரத்துக்கு என் கணவர் ஒரு பம்பளிமாஸ் பழத்தைத் தோலுரித்து, வெள்ளை நாரெல்லாம் எடுத்து, சுளைகளைத் தட்டில் வைத்திருப்பார். எங்கள் சர்ச் காம்பவுண்டு மரத்துப் பழம்.

"கொழுப்ப கரைக்குமாம். துன்னு" என்பார். தான் ஒரு சுளைகூட எடுக்க மாட்டார்.

முதலில் தொடை வலித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததால் என்று நினைத்தேன். பிறகு தோள்களும் வலித்தன. லாட்ஜில் அறைச் சாவிகளை ஆணியில் மாட்டக் கை எழவில்லை.

"இன்னாக்கா, செவுத்த புடிச்சிக்கினு நடக்கறீங்க?" என்று கூட வேலை பார்த்த பெண் கேட்டாள்.

வீட்டில் சொன்னேன். "சோறே துன்றதில்ல, ஒடம்புல சத்து எங்கருந்து வரும்?" என்று அவர் பழத்தைக் கூட்டினார். நான் மெலிய மெலியத் தட்டு நிறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழப் பார்த்தேன். கால்கள் என்னுடையவை போலவே இல்லை. பாட்டு முடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். வீட்டுக்கு வந்து சிறுநீர் கழித்தபோது அது கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பீட்ரூட்டு துன்னியா?"

"இல்லீங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். நேரே போய் ஆட்டோ பிடித்து வந்தார். சித்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் உடனே திருப்பதிக்குப் போகச் சொன்னார்கள்.

திருப்பதி டாக்டர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். என் தசைகள் உடைந்து ரத்தத்தில் கலக்கின்றன, அது சிறுநீரகத்தை அடைக்கிறது என்றார். என்ன மாத்திரை, என்ன சாப்பாடு என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"ராத்திரிக்கு வெறும் பழம்தான் சார்" என்றார் என் கணவர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "தெனமும் நானே உரிச்சி குடுக்கறேன்."

"ஏ பண்டு?" என்ன பழம் என்று கேட்கிறார்.

"பம்பரபனசகாய்" என்று பம்பளிமாஸைத் தெலுங்கிலேயே சொன்னார் இவர்.

டாக்டரின் பேனா நின்றது. "ரோஜூனா? தினமுமா?"

இந்த மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்ற விடாமல் அந்தப் பழம் தடுத்துவிடும், மருந்து ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும் என்று விளக்கினார். எல்லா மாத்திரைக்கும் அப்படியில்லை, நான் விழுங்கியது அந்த வகை.

"யாரும் சொல்லலியே சார்" என்றார் அவர், மிக மெதுவாக.

டிரிப் இறங்கிக்கொண்டே இருந்தது. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையை அவர் பார்க்கவே மாட்டார். தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"விஷமா குடுத்தீங்க? பழம்தான?" என்றேன்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

டயாலிசிஸ் வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தினார்கள். அது இல்லாமலே சிறுநீரகம் தேறியது. கால்களில் பலம் வர வெகுநாளாயிற்று. லாட்ஜ் வேலையை விட்டேன். இப்போது வேறு மாத்திரை. அதை வாங்கப் போகும்போதெல்லாம் அவர் மருந்துக் கடையில் கேட்கிறார்: "இதோட எது சேராது?"

சிலர் பதில் சொல்கிறார்கள். சிலர் மாத்திரை அட்டையைக் கவரில் போட்டுத் தள்ளிவிட்டு, அவருக்குப் பின்னால் நிற்பவரைக் கூப்பிடுகிறார்கள்.