வெடிக்காத பாறை

இறம்பொடை மலைப்பாதை வளைவில் சரிந்துகிடந்த பாறையை வெடிவைத்து உடைப்பவர் எங்கள் வேனை நிறுத்தினார். காதில் பஞ்சு வைத்த ஒல்லி மனிதர். திரியைப் பற்றவைத்து ஓடிவந்தவர், வேனுக்குப் பின்னால் நின்ற என்னருகே பதுங்கி வாயைப் பிளந்தார்.

"கொட்டாவியாண்ணே?"

"காத்து அதிர்ந்து வெளியிலருந்து மட்டும் தள்ளுனா காதுச் சவ்வு கிழிஞ்சிரும். வாயத் தொறந்தா உள்ளேயும் தள்ளி சமமாயிரும். சத்தம் கேட்டப்புறம் தொறந்து பிரயோசனமில்லீங்க."

நான் திறந்த திறப்பில் என் குடலே தெரிந்திருக்கும். வெகுநேரமாகியும் வெடிக்கவில்லை.

"போய்த் திரியப் பாக்கணும். வாரீங்களா?" என்று சிரித்தார்.

நான் வேனுக்கடியில் புகுந்துகொண்டேன். அவர் தனியாக நடந்தார். வெடித்துவிடாதே என்று பாறையைக் கெஞ்சுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திரும்பி வந்து, "பனியில திரி நனைஞ்சிருச்சுங்க" என்றார். கட்டிப்பிடிக்கலாம் என்று நான் வெளியே ஊர்ந்து வருவதற்குள், புதுத் திரியோடு மறுபடியும் அங்கேயே போய்க்கொண்டிருந்தார்.